சிரிப்பை நெய்தவர்கள்: மாலேகான் தொழிலாளர்களும் மக்கள் படவிழாக்களும்

மாலேகான் என்ற பெயர் நாட்டின் செய்தி ஊடகங்களில் அடிபடும் போதெல்லாம், ‘குண்டுவெடிப்பு’ என்ற சொல்லும் அதனுடன் ஒட்டிக்கொண்டே வருகிறது. 2006 செப்டம்பர் 8 அன்று, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்த நேரத்தில் குண்டுகள் வெடித்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொல்லப்பட்டவர்களும் இஸ்லாமியர்கள், கைது செய்யப்பட்டவர்களும் இஸ்லாமிய இளைஞர்களே. ஐந்தாண்டுகளைச் சிறையில் கழித்துப் பிணையில் வெளிவந்த அவர்களை நீதிமன்றம் 2016இல்தான் வழக்கிலிருந்து விடுவித்தது. 2008 செப்டம்பர் 29 அன்று நடந்த மற்றொரு குண்டுவெடிப்பில் ஆறு பேர் மாண்டனர். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த, பாஜகவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பிரக்யா சிங் தாக்கூர் உள்ளிட்ட ஏழு பேரையும் தேசியப் புலனாய்வு முகமையின் சிறப்பு நீதிமன்றம் 2025 ஜூலை 31 அன்று விடுதலை செய்துவிட்டது. அந்த ஆறு உயிர்களைப் பறித்தது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

இந்த ஊருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. கூலிக்குத் தறி ஓட்டும் தொழிலாளர்களும், சிறுகடை வைத்திருந்தவர்களும், வீடியோ பார்லர் நடத்தியவர்களும் சேர்ந்து, எந்த முதலாளியின் தயவுமின்றித் தங்கள் ஊருக்கென ஒரு நகைச்சுவைத் திரைப்பட உலகத்தையே உருவாக்கிய வரலாறு அது. விருதுகளுக்காகவோ வெளிநாட்டு விழாக்களுக்காகவோ அவர்கள் படமெடுக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் தறியின் இரைச்சலில் செவிடாகிப்போன தங்கள் தோழர்களை ஏழாம் நாளில் சிரிக்க வைப்பதற்காக எடுத்தார்கள். பண்பாட்டுத் தளத்தில் பணியாற்றும் நம் தோழர்கள் இந்த வரலாற்றைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறியும் வெள்ளிக்கிழமையும்

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில் மோசம் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது மாலேகான். ஆற்றின் ஒரு கரையில் இஸ்லாமியர்களும் மறுகரையில் பெரும்பாலும் இந்துக்களும் வாழ்கின்றனர். 1857 எழுச்சிக்குப் பின் பிரிட்டிஷ் ஆட்சியின் ஒடுக்குமுறையாலும், இயந்திரத் துணியின் படையெடுப்பாலும் வாழ்விழந்த வடஇந்திய நெசவாளர் குடும்பங்கள் பல, கைத்தறிகளோடு இங்கு வந்து குடியேறின. கைத்தறி பின்னர் விசைத்தறியானது. பிவண்டி, இச்சல்கரஞ்சி, சூரத் ஆகிய நகரங்களைப் போலவே மாலேகானும் விசைத்தறியால் வாழ்கிறது, விசைத்தறியால் நோயுறுகிறது.

சோமனூரிலோ குமாரபாளையத்திலோ விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு மாலேகானின் வாழ்க்கையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நெய்த அளவுக்கு மட்டுமே கூலி. மின்சாரம் நின்றால் கூலியும் நிற்கும். நூல் விலை ஏறினால் முதலில் வெட்டப்படுவது தொழிலாளியின் கூலி. பஞ்சுத் தூசு நுரையீரலில் படிகிறது. அருகில் நிற்பவர் பேசுவது காதில் விழாத இரைச்சல் நாள் முழுவதும் தொடர்கிறது. இந்த ஊரில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று தறிகள் ஓய்ந்ததும் தொழிலாளர்கள் தேடிப்போன இடங்களுள் முதன்மையானவை திரையரங்குகளும் வீடியோ பார்லர்களும்தான்.

அத்தகைய ஒரு வீடியோ பார்லரை நடத்திவந்தவர் நாசிர் ஷேக். ஒரு படத்தின் சலிப்பூட்டும் பகுதியை நீக்கி மற்றொரு படத்தின் காட்சியை ஒட்டி, இரண்டு வீடியோ கருவிகளைக் கொண்டே படத்தொகுப்பைக் கற்றுக்கொண்டவர். திரைப்படக் கல்லூரியின் வாசலை அவர் மிதித்ததில்லை. பார்வையாளர் எங்கே சிரிக்கிறார், எங்கே எழுந்து பீடி பற்றவைக்கப் போகிறார் என்பதை நாள்தோறும் நேரில் கண்டதே அவருடைய கல்வி. 2000ஆம் ஆண்டளவில் அவர் இயக்கிய ‘மாலேகான் கே ஷோலே’ என்ற பகடிப் படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய். உள்ளூர் பார்லர்களில் அது வாரக்கணக்கில் ஓடி, போட்ட பணத்தைப் போல் பல மடங்கு ஈட்டித் தந்தது.

மூலப் படமான ‘ஷோலே’யில் கொள்ளையர் குதிரையில் வருவார்கள், மாலேகானில் மிதிவண்டியில் வந்தார்கள். அங்கே ரயில் வந்த காட்சிக்கு இங்கே பேருந்து வந்தது. குதிரைக்கும் ரயிலுக்கும் பணம் இல்லை என்பதே முதற்காரணம். ஆயினும் திரையில் அது வெறும் பணப் பற்றாக்குறையாகத் தெரியவில்லை. கோடிகளைக் கொட்டிக் கட்டப்பட்ட வீரத்தையும் பிரம்மாண்டத்தையும் ஒரு பழைய மிதிவண்டி கவிழ்த்துப் போட்டுவிட்டது. தாங்கள் அண்ணாந்து பார்த்த நாயகனைத் தங்கள் தெருவுக்கு இறக்கி, தங்கள் பேச்சுமொழியில் பேசவைத்து, தங்கள் ஊர்ச் சாக்கடையைத் தாண்டவைத்த அந்தப் படம் தொழிலாளர்களுக்கு ஏன் இனித்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

பெயர்ப் பட்டியலில் இல்லாத உழைப்பு

இந்தப் படங்கள் உருவான முறையை நாட்டுக்கு அறியத் தந்தது, ஃபைசா அகமது கான் 2008இல் இயக்கிய ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ என்ற ஆவணப்படம். ‘மாலேகான் கா சூப்பர்மேன்’ என்ற பகடிப் படத்தை நாசிர் ஷேக்கின் குழு எடுத்ததை அது கூடவே இருந்து பதிவு செய்தது. நகரும் காட்சிக்கு மிதிவண்டி. உயரத்திலிருந்து எடுக்கும் காட்சிக்கு மாட்டுவண்டி. வானில் பறக்கும் காட்சிக்குப் பச்சைத் துணியும் கணினியும். படப்பிடிப்பின் நடுவே கேமரா தண்ணீருக்குள் விழுந்துவிட, அதைச் சரிசெய்யும்வரை எல்லாரும் காத்திருந்தனர்.

சூப்பர்மேனாக நடித்த ஷஃபீக், விசைத்தறித் தொழிலாளி. ஒல்லியான உடல், அந்த உடலில் தொளதொளத்த நீல உடை. அவர் எதிர்கொண்ட வில்லன், ஊரெங்கும் அசுத்தமும் புகையிலையும் பரவ வேண்டும் என விரும்புபவன். உலகைக் காக்க வந்த அமெரிக்கக் கதாநாயகன் மாலேகானில் வந்திறங்கினால் எதிர்கொள்ள வேண்டியது வேற்றுக்கிரகத்து எதிரிகளையல்ல, அள்ளப்படாத குப்பையையும் குட்காவையும்தான் என்று கதை எழுதியவர்களின் அரசியல் தெளிவை எந்த விமர்சகரும் குறைத்து மதிப்பிட முடியாது. நகராட்சியின் மீதும் அரசின் மீதும் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை அது; சிரிப்பாக எழுதப்பட்டிருந்தது, அவ்வளவே.

அந்த ஷஃபீக் 2011இல் வாய்ப் புற்றுநோயால் இறந்தார். திரையில் புகையிலையை எதிர்த்து நின்றவரைத் தறிக்கூட வாழ்க்கை விட்டுவைக்கவில்லை. உறக்கத்தை விரட்டவும் பசியை மறக்கவும் தொழிலாளர்கள் குட்காவை மெல்லுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த ஆவணப்படம் இந்தியத் திரையரங்குகளில் முறையாக வெளியானது 2012இல்தான். தன் முகம் பெருநகர அரங்குகளின் திரையில் ஒளிர்ந்ததைக் காண அவர் உயிரோடு இல்லை.

ஒரு நகைச்சுவைப் படத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய ஊதியமில்லா உழைப்பு இருக்கிறது என்பதை மாலேகான் காட்டுகிறது. ஷிப்ட் முடிந்து உறங்காமல் வந்து நடித்தவர்கள், வண்டியை இரவல் கொடுத்தவர்கள், சொந்த வீட்டுக் கட்டிலைப் படப்பிடிப்புக்குத் தூக்கி வந்தவர்கள் ஆகியோரின் கூட்டுறவே அந்தப் படங்கள். பம்பாயின் பட நிறுவனம் எதிலும் அந்த உற்பத்தி முறையைக் காண இயலாது.

அதே நேரத்தில், இதைப் புனிதப்படுத்துவதும் நமக்கு ஏற்புடையதன்று. அந்தப் பார்லர்கள் ஆண்களுக்கானவை. மாலேகான் பெண்கள் அந்தப் படங்களில் நடிக்கவும் இல்லை. நடிகைகள் வெளியூரிலிருந்து அழைத்து வரப்பட்டனர். தறியில் நூல் சுற்றும் பெண்ணின் சிரிப்புக்கு அந்த வெள்ளிக்கிழமையில் இடமில்லை. நட்பின் பெயரால் ஊதியமின்றி உழைப்பது எத்தனை நாள் நீடிக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. பின்னாளில் அந்த வட்டாரத்தில் எடுக்கப்பட்ட காணொளிகள் பலவற்றில் மனிதர்களின் உயரமும் உடலமைப்புமே கேலிக்குரியவையாக்கப்பட்டன. ஆதிக்கத்தைக் கேலி செய்யும் சிரிப்பும், எளியோரைக் கேலி செய்யும் சிரிப்பும் ஒரே தெருவிலிருந்துதான் புறப்படுகின்றன. எது வளர்கிறது என்பதை, அந்தத் தெருவில் எத்தகைய அமைப்பு வேலை செய்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

கதையும் களவாடப்படுகிறது

2024 செப்டம்பரில் டொராண்டோ படவிழாவில் திரையிடப்பட்டு, 2025 பிப்ரவரியில் இந்தியாவில் வெளியான ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்’ என்ற இந்திப் படம் நாசிர் ஷேக்கின் வாழ்வையும் அவருடைய நண்பர்களின் வாழ்வையும் தழுவியது. ரீமா காக்டி இயக்க, வருண் குரோவர் எழுதிய அந்தப் படம் நேர்மையும் பரிவும் கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் தயாரிப்பாளர்களுள் ஒன்று அமேசான் நிறுவனம். கிடங்குத் தொழிலாளர்கள் சங்கம் அமைப்பதை அமெரிக்காவில் பெரும் பணம் செலவிட்டுத் தடுக்க முயன்ற அதே நிறுவனம், முதலாளியில்லாமல் படமெடுத்த தொழிலாளர்களின் கதையைச் சந்தா செலுத்துவோருக்கு விற்கிறது.

மூலதனத்தின் இயல்பு இது. தனக்கு எதிராக எழும் முயற்சியை முதலில் அலட்சியம் செய்யும். பிறகு சட்டத்தைக் காட்டி மிரட்டும். அதுவும் பலிக்காவிட்டால் அதையே சரக்காக்கி விற்கும். ‘சிறிய ஊர், பெரிய கனவு’ என்ற விளம்பர வாசகத்துக்குள் அடைக்கப்பட்ட பின்னர், தறித்தொழிலாளியின் கூலி, தூசு, புற்றுநோய் ஆகியவை பின்னணி அலங்காரமாகிவிடுகின்றன.

வீடியோ பார்லர்களின் காலம் முடிந்துவிட்டது. கைப்பேசி வந்தது, மாலேகானின் நகைச்சுவையும் யூடியூபுக்கு இடம்பெயர்ந்தது. காந்தேஷி வட்டாரப் பேச்சில் எடுக்கப்படும் காணொளிகள் கோடிக்கணக்கான பார்வைகளைப் பெறுகின்றன. இதைச் சிலர் ஜனநாயகம் என்கிறார்கள். நீள்வடிவக் காணொளிகளுடன் வரும் விளம்பர வருவாயில் 45 சதவீதத்தை அந்த நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. எதைக் காட்டுவது, எதைப் புதைப்பது என்பதை நிறுவனத்தின் கணக்கீடே முடிவு செய்கிறது. முன்பு நூல் கொடுத்துத் துணி வாங்கிய வியாபாரியிடம் கூலி பேசவாவது முடிந்தது. இந்தப் புதிய வியாபாரிக்கு முகமே இல்லை. மேலும், பார்லரில் நூறு பேர் தோளோடு தோள் உரசி ஒன்றாகச் சிரித்தார்கள். இப்போது நூறு பேரும் தனித்தனியே கட்டிலில் படுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சேர்ந்து சிரிப்பது ஒரு சமூக உறவு. அது சிதைவதில் யாருக்கு ஆதாயம் என்று நாம் கேட்டாக வேண்டும்.

விழாவை நடத்துவது யார்?

சேர்ந்து பார்ப்பதற்கான வெளியை மீட்பதில் மக்கள் படவிழாக்கள் ஆற்றியுள்ள பங்கு முக்கியமானது. இதற்கு நம் நாட்டில் இரண்டு முன்னோடி அனுபவங்கள் உள்ளன.

முதலாவது, கேரளத்தின் ஒடேசா இயக்கம். 1984இல் கோழிக்கோட்டில் ஜான் ஆபிரகாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய இந்த அமைப்பு, ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டு மக்களிடம் பணம் திரட்டியது. அந்தப் பணத்தில் எடுக்கப்பட்டதே 1986இல் வெளிவந்த ‘அம்ம அறியான்’. தாய்க்கு எழுதும் கடிதமாக, ஓர் இளைஞனின் மரணத்தையும் ஓர் அரசியல் தலைமுறையின் தோல்வியையும் பேசிய துயரப் படம் அது. அந்தத் துயரப் படத்துக்காகப் பணம் திரட்ட ஒடேசா தோழர்கள் கிராமங்களில் திரையிட்ட படம் சாப்ளினின் ‘தி கிட்’. ஒரு நாடோடியும் ஓர் அநாதைக் குழந்தையும் காவலரை ஏய்த்துப் பிழைப்பதைக் கண்டு சிரித்த உழைப்பாளிகளின் சில்லறைக் காசுகளே இந்தியாவின் முக்கியமான அரசியல் படங்களுள் ஒன்றுக்கு முதலீடாயின. அதே ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ சாதிய ஆசாரத்தை எள்ளிநகையாடியது. தேசிய விருது பெற்ற பின்னரும், எதிர்ப்புக்கு அஞ்சி அந்தப் படத்தின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் கைவிட்டது.

இரண்டாவது, கோரக்பூர் அனுபவம். 2006 மார்ச் மாதத்தில், பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகியோரின் தியாக நாளையொட்டி, ஜன் சன்ஸ்கிருதி மஞ்ச் அமைப்பின் முன்முயற்சியில் அங்கு முதல் படவிழா நடைபெற்றது. ‘பிரதிரோத் கா சினிமா’, அதாவது எதிர்ப்பின் சினிமா என்ற பெயரில் பின்னர் அது பாட்னா, லக்னோ, நைனிடால், பிலாய், உதய்பூர் எனப் பல ஊர்களுக்குப் பரவியது. ஆதித்யநாத் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, வகுப்புவாத அரசியலின் கோட்டையாக மாற்றிக்கொண்டிருந்த நகரத்தில் அது தொடங்கப்பட்டது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பெருநிறுவன விளம்பரதாரர் கிடையாது. அரசு மானியம் கிடையாது. பார்வையாளரின் நன்கொடையே நிதி.

இத்தகைய விழாக்களுக்குப் பின்னால் இருப்பவர்களின் முகங்கள் மேடையில் தெரிவதில்லை. மண்டபத்துக்காக அலைபவர், மண்டபக்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்ததும் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தைத் தேடிப் பிடிப்பவர், புரொஜெக்டரைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருபவர், வசன வரிகளை இரவு முழுக்க மொழிபெயர்ப்பவர், உண்டியலோடு வாசலில் நிற்பவர், திரையிடல் முடிந்தபின் நாற்காலிகளை எண்ணி அடுக்குபவர் — இவர்களே விழா. 2015 ஆகஸ்டில், நகுல் சிங் சாஹ்னியின் ‘முசாபர்நகர் பாக்கி ஹை’ ஆவணப்படத் திரையிடலை டெல்லியின் கிரோரி மால் கல்லூரியில் ஏபிவிபியினர் தடுத்தனர். அதே மாதம் 25ஆம் தேதி நாட்டின் பல ஊர்களில் ஒரே நாளில் அந்தப் படத்தைத் திரையிட்டுப் பதிலளிக்க முடிந்ததற்குக் காரணம், ஊருக்கு ஊர் இத்தகைய தொண்டர்கள் இருந்ததே.

எனினும் ஒரு விமர்சனத்தை இங்கு முன்வைப்பது அவசியம். மாற்றுத் திரையிடல்களின் நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்தால் படுகொலை, வெளியேற்றம், வறட்சி, தற்கொலை என்ற வரிசையே நீள்கிறது. இவற்றைப் பேசாமல் இருக்க முடியாது, பேசுவது கடமை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிற தொழிலாளிக்கு, தன் துயரத்தையே திரையில் மீண்டும் காட்டுவதொன்றே அரசியல் கல்வியாகிவிடாது. அவர் வராமல் போகிறார்; வந்தவர்களோ ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்கள். அந்த வெற்றிடத்தை வகுப்புவாதிகளின் வாட்ஸ்அப் ‘ஜோக்கு’கள் நிரப்புகின்றன. சிறுபான்மையினரையும் பெண்களையும் தலித்துகளையும் குறிவைத்துத் தயாரிக்கப்படும் கேலிச் சரக்கு தொழிற்சாலை வேகத்தில் வந்து குவிகிறது. வெறுப்பு, சிரிப்பின் வேடம் தரித்து நம் தொழிலாளியின் கைப்பேசிக்குள் நுழைகிறது. அதை வெறும் கண்டனத் தீர்மானத்தால் வெளியேற்ற முடியாது.

ஆள்வோர் ஏன் அஞ்சுகிறார்கள்?

நகைச்சுவை அற்பமானது என்று நினைக்கும் தோழர்கள், ஆட்சியாளர்கள் அதை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்க்கட்டும். அம்ரித் நஹாட்டாவின் ‘கிஸ்ஸா குர்சி கா’ என்ற அரசியல் நையாண்டிப் படத்தை அவசரநிலை ஆட்சி தடைசெய்ததோடு நிற்கவில்லை; அதன் பிரதிகள் கைப்பற்றப்பட்டு குர்கானில் மாருதி தொழிற்சாலை வளாகத்தில் எரிக்கப்பட்டன. சஞ்சய் காந்தியும் அன்றைய அமைச்சர் வி.சி. சுக்லாவும் இதற்காக விசாரணை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, பின்னர் உச்ச நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர். அமெரிக்காவில் மெக்கார்த்தியிசம் தலைவிரித்தாடிய 1952இல், கடற்பயணத்தில் இருந்த சாப்ளின் நாடு திரும்புவதற்கான அனுமதியே ரத்து செய்யப்பட்டது.

இன்றைய ஆட்சியில் இது அன்றாட நடைமுறையாகிவிட்டது. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைது செய்யப்பட்ட நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபாரூக்கி, ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் வைக்கப்பட்டார். 2025 மார்ச்சில் குணால் காம்ராவின் நிகழ்ச்சிக் காணொளி வெளியானதும், அது பதிவான மும்பை ஹேபிடாட் அரங்கை ஷிண்டே சிவசேனைக் கட்சியினர் அடித்து நொறுக்கினர். மறுநாளே மாநகராட்சி சுத்தியலோடு வந்து நின்றது. கலைஞரை மட்டும் மிரட்டினால் போதாது, கலைஞருக்கு மேடை தரும் இடத்தையே இல்லாமலாக்க வேண்டும் என்பதே அவர்கள் விடுத்த செய்தி. விழா நடத்துவோருக்கும் அரங்கு தருவோருக்கும் அனுப்பப்பட்ட எச்சரிக்கை அது.

சட்டத்தின் வழியாகவும் கயிறு இறுக்கப்படுகிறது. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் திரையிட ஒன்றிய அரசின் விலக்கு தேவை. 2017இல் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற ஆவணப்பட, குறும்பட விழாவில் ரோஹித் வெமுலா, ஜேஎன்யூ, காஷ்மீர் ஆகியவை தொடர்பான மூன்று படங்களுக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. தணிக்கை முடிவை எதிர்த்து முறையிடுவதற்கிருந்த திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் ஒழிக்கப்பட்டது. இனி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க ஐம்பதாயிரம் ரூபாய் படக்காரரிடம் ஏது? பிலிம்ஸ் டிவிஷன், திரைப்பட விழாக்கள் இயக்ககம், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம் ஆகியவை தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டு, பொது நிறுவனங்களின் தனித்தன்மை அழிக்கப்பட்டது.

பொதுப் பணம் ஒரு காலத்தில் என்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1983இல் குந்தன் ஷா இயக்கிய ‘ஜானே பி தோ யாரோ’வுக்குப் பணம் கொடுத்தது அந்தத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே. மொத்தச் செலவு ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய். கட்டுமான முதலாளியும் மாநகராட்சி அதிகாரியும் பத்திரிகை ஆசிரியரும் கூட்டுக்கொள்ளை அடிப்பதை விழுந்து விழுந்து சிரிக்கும்படி சொல்லிய அந்தப் படம், குற்றத்தைக் கண்டுபிடித்த இரு அப்பாவி இளைஞர்களையே குற்றவாளிகளாக்கிச் சிறைக்கு அனுப்பி முடிகிறது. சிரித்துக்கொண்டிருந்த பார்வையாளரின் சிரிப்பு அந்த இடத்தில் உறைகிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கூட்டணி மாறவில்லை. அத்தகைய படத்துக்கு அரசுப் பணம் கிடைக்கும் காலம்தான் போய்விட்டது. சகிப்பின்மையைக் கண்டித்து 2015இல் தேசிய விருதைத் திருப்பியளித்தவர்களுள் குந்தன் ஷாவும் ஒருவர் என்பதையும் மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியது

கூலி உயர்வுப் போராட்டமும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான இயக்கமும் நடந்துகொண்டிருக்கையில் நகைச்சுவைப் படவிழா ஓர் ஆடம்பரம் அல்லவா என்று கேட்கலாம். வேலைநிறுத்தத்தின் பத்தாம் நாளில் பந்தலில் அமர்ந்திருக்கும் தொழிலாளர்களை ஒன்றாக வைத்திருப்பது எது என்று சங்கப் பொறுப்பாளர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலாளியைப் போல் நடித்துக் காட்டும் ஒரு தோழர் அந்தப் பந்தலில் கட்டாயம் இருப்பார். கொடுமைக்காரரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்ட கூட்டத்துக்கு அவர்மீதான அச்சம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்தத் தோழரின் கையில் ஒரு கைப்பேசியையும் அவருக்கு ஒரு திரையையும் கொடுப்பதே நாம் முன்வைக்கும் யோசனை.

தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கும் ஊர்களில், தொழிற்சங்கமும் வாலிபர், மாதர் அமைப்புகளும் கலை இலக்கிய அமைப்பும் இணைந்து ஆண்டுக்கொரு முறை உழைப்பாளர் நகைச்சுவைப் படவிழாவை நடத்தலாம். அந்த ஊரின் வார விடுமுறை எந்த நாளோ அந்த நாளில் அது நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பது அலுவலக ஊழியரின் கணக்கு. பெண்கள் வரக்கூடிய நேரத்தில், பெண்கள் பாதுகாப்பாக வந்துபோகும் இடத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுடன் நடக்க வேண்டும். மாலேகான் விட்ட இடத்தை நாம் அங்கிருந்துதான் தொடர வேண்டும். சாப்ளினும் குந்தன் ஷாவும் திரையிடப்படட்டும். அவற்றோடு அந்த வட்டாரத் தொழிலாளர்கள் கைப்பேசியில் எடுத்த ஐந்து நிமிடப் படங்களும் அதே திரையில் அதே மரியாதையுடன் காட்டப்படட்டும்.

நிதி, மக்களிடமிருந்து உண்டியலில் வர வேண்டும். வரவு செலவு விழா முடிந்த வாரத்திலேயே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். படமெடுத்தவர்களுக்கும் கருவிகளை இயக்குவோருக்கும் சிறு தொகையாவது ஊதியமாக வழங்கப்பட வேண்டும். உழைப்புக்கு ஊதியம் கேட்கும் இயக்கம் நடத்தும் விழாவில் இலவச உழைப்பு விதியாகிவிடக் கூடாது. சாதி, மதம், பாலினம், உடற்குறை ஆகியவற்றைக் கேலி செய்யும் படத்துக்கு இடமில்லை என்பதை முதலிலேயே அறிவிப்பதோடு, ஏன் இடமில்லை என்பதை அதை எடுத்த இளைஞருடன் அமர்ந்து பேசவும் வேண்டும். அவரைத் துரத்திவிட்டால் எதிர்முகாம் அணைத்துக்கொள்ளும். அனுமதி, காவல்துறை, தணிக்கை விலக்கு ஆகிய சிக்கல்களை எதிர்கொள்ள, வழக்கறிஞர் சங்கத் தோழர்களை விழாக்குழுவிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை மீண்டும் அமைக்கவும், விழாக்களுக்கான விலக்கை அரசியல் நோக்கில் மறுக்கும் அதிகாரத்தை ஒழிக்கவும், சிறு படங்களுக்குப் பொது நிதி வழங்கும் முறையை மீட்கவும் கோரிக்கை எழுப்புவதும் இப்பணியின் பகுதியே. கூலிக் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்த்தால் பட்டியல் நீண்டுவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளி வர்க்கம், எட்டு மணி நேர ஓய்வையும், தன் விருப்பப்படி வாழ எட்டு மணி நேரத்தையும் சேர்த்தே கேட்டது. அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை இன்று கைப்பேசி நிறுவனங்களும் வெறுப்பு வியாபாரிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றனர்.

மாலேகானின் தறித்தொழிலாளர்கள் எந்தக் கட்சித் தீர்மானத்துக்கும் காத்திராமல், ஒரு மிதிவண்டியையும் இரவல் கேமராவையும் கொண்டு அந்த நேரத்தைத் தங்களுடையதாக்கிக் காட்டினார்கள். அமைப்பும் தொடர்ச்சியும் இல்லாததால் அந்த முயற்சி சிதறியது. அமைப்பும் தொடர்ச்சியும் நம்மிடம் இருக்கின்றன. அடுத்த மாவட்டக் குழுக் கூட்டங்களில் பண்பாட்டுப் பணி குறித்த விவாதம் வரும்போது, தோழர்கள் இந்த யோசனையை எடுத்து வைக்க வேண்டும். குறைந்தது ஒரு தொழிலாளர் குடியிருப்பிலாவது இந்த ஆண்டே அதைத் தொடங்கிவைக்க வேண்டும்.